புதுப்பிப்பு: தொல்லியலும் நில அமைப்பும்

தொல்லியல் படிப்பில் நில அமைப்புக்கு இடமுண்டா என்று சென்ற ஆண்டு கேட்டிருந்தேன். "கோயிலை மட்டும் பார்க்காதே, ஆற்றையும் பார்" என்று அண்ணன் ஒருவர் பதிலளித்திருந்தார். பினாங்கில் முதல் பருவத்தை முடித்துவிட்ட இப்போது அதன் பொருள் விளங்குகிறது.

கடாரத்தின் (இன்றைய மலேசியாவின் கெடா மாநிலம்) சுவடுகளைத் தாங்கும் பூஜாங் பள்ளத்தாக்கில், இன்று கடலிலிருந்து விலகியிருக்கும் சுங்கை பத்துவில் இரும்பு உருக்கும் உலைகளும் படகுத்துறையும் ஏன் அமைந்தன என்பது, பழங்காலக் கடற்கரை இன்னும் உள்ளே இருந்ததை அறிந்த பிறகே புரிந்தது. 1,217 மீட்டர் உயர ஜெராய் மலை மாலுமிகளுக்கு வழிகாட்டியது. உலைக்குக் காற்றூதிய சுடுமண் குழலின் துண்டொன்றை உள்ளங்கையில் ஏந்தியபோது, அதன் நுனியில் இரும்புக் கசடு கண்ணாடிபோல் உருகி ஒட்டியிருந்ததைக் கண்டு நெகிழ்ந்துபோனேன்.

அடுத்து, 2017-இல் பழங்கால மனித எலும்புக்கூடு கிடைத்த, பினாங்கிலுள்ள குவார் கெப்பா சிப்பி மேட்டை (பழங்கால மக்கள் தின்று போட்ட சிப்பி ஓடுகள் குவிந்த மேடு) பற்றிக் கட்டுரை எழுதவிருக்கிறேன்.