மலையேற்றம்: வழிகாட்டியோடு போவதா, நாமே போய்விடலாமா?

திருப்பூர்_செக்கிங்:

வணக்கமுங்க. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. 18 வயதிலிருந்து வருசம் தவறாமல் வெள்ளியங்கிரி ஏறுகிறேன். பூண்டியில் மூங்கில் தடியை வாங்கிக்கொண்டு ராத்திரி கிளம்பினால் விடியும்போது ஏழாவது மலை. வழிகாட்டி என்று யாரையும் கூட்டிப்போனதில்லை.

ஆகஸ்டில் நானும் இரண்டு கூட்டாளிகளும் உத்தராகண்டில் இருக்கும் பூக்களின் பள்ளத்தாக்குக்குப் போகிறோம். ஒரு மலையேற்றக் கம்பெனி ஹரித்வாரிலிருந்து ஆளுக்கு 12,000 ரூபாய் கேட்கிறது. நாமே போய்க்கலாம் என்கிறான் கூட்டாளி. வழி தெரிந்த ஆள் இல்லாமல் போகவே கூடாது என்று வீட்டில் ஒரே பிடி. மூன்று பேர் ஹிந்தியையும் சேர்த்தால் 'கித்னா'வைத் தாண்டாது. அடுத்த வருசம் மேற்கு வங்கத்தில் இருக்கும் சந்தக்பூ மலை, அப்புறம் நேபாளம் என்று ஆசை நீள்கிறது. போய் வந்தவர்கள் சொல்லுங்க.

கணபதி_லேத்:

தம்பி, வெள்ளியங்கிரியில் வழிகாட்டி இல்லை என்று யார் சொன்னது? முன்னால் நூறு பேர், பின்னால் நூறு பேர், நடுவில் சுக்குக் காப்பிக்காரர். அத்தனை பேரும் வழிகாட்டிதான். நானும் பல வருசம் ஏறிவிட்டு இதே மிதப்பில்தான் இருந்தேன்.

பூக்களின் பள்ளத்தாக்கும் ஏறக்குறைய அப்படித்தான். நானும் வீட்டுக்காரியும் தனியாகவே போனோம். ஹரித்வாரில் விடியக்காலை பஸ் ஏறினால் பொழுதோடு ஜோஷிமட். மறுநாள் ஷேர் ஜீப்பில் கோவிந்த்காட், புல்னா. அங்கிருந்து காங்கரியாவுக்குப் பத்துக் கிலோமீட்டர் போல ஏற்றம். ஹேம்குண்ட் சாகிப் குருத்வாராவுக்குப் போகிற சீக்கியர்கள் சாரை சாரையாக நடக்கிறார்கள். டீக்கடையும் மேகியும் வழி நெடுக உண்டு. தேசியப் பூங்கா வாசலில் வனத்துறைச் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போய், சாயங்காலத்துக்குள் காங்கரியா திரும்பிவிட வேண்டும். உள்ளே ராத்தங்கல் கிடையாது. இதற்கு 12,000 என்பது டீக்கடைக்கு வழிகாட்ட ஆள் வைக்கிற கதை. ஹிந்தியெல்லாம் ஒரு பொருட்டே இல்லை, கையும் விரலும் போதும்.

ஆனால் ஆகஸ்டில் பூவும் ஜாஸ்தி, மலைச்சரிவும் ஜாஸ்தி. ஜோஷிமட்டுக்கு முன்னால் ஒரு பகல் முழுக்க ரோடு அடைத்துக் கிடந்தது. நாங்கள் ஒரு நாளைத் தள்ளிப் போட்டுக்கொண்டோம். கும்பலாகக் கம்பெனியோடு வந்தவர்கள் ரயிலுக்கு நேரமாகிறது என்று பள்ளத்தாக்கைப் பாதி பார்த்துவிட்டு இறங்கினார்கள். ரெண்டு நாள் கையில் வைத்து டிக்கெட் போடுங்க.

சந்தக்பூ வேறு. அது சிங்கலீலா தேசியப் பூங்கா. மானேபஞ்சங்கில் உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் நடக்க விடமாட்டார்கள். எனக்குக் கடுப்புதான். காலாபோக்ரியில் மூன்றாம் இரவுத் தங்கலுக்கு முன்பே தலை விண்ணென்று வலித்தது, சோறு இறங்கவில்லை. அரிசிம்பருப்புச் சாதத்துக்கு நாக்கு ஏங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன். அது உயரத்தில் காற்று மெலிவதால் வருகிற மலைநோய். வழிகாட்டிப் பையனுக்கு 22 வயது இருக்கும். ஒரு காலின் குதிகாலை இன்னொரு கால் விரலோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னான். நோய் மூளைக்கு ஏறியிருந்தால் தள்ளாடுமாம். நடந்துவிட்டேன். அப்படியும் மறுநாள் நகரக் கூடாது, வலி கூடினால் கீழேதான் என்றுவிட்டான். பட்டறையைப் பூட்டிவிட்டு அவ்வளவு தூரம் வந்தவன் நானாக நின்றிருப்பேனா? ஏறித்தான் இருப்பேன். ஒரு நாள் சும்மா கிடந்ததில் தெளிந்தது. அடுத்த நாள் மேலே போய்க் கஞ்சன்ஜங்காவைப் பார்த்தேன்.

நம்ம ஊர் ஆள்கள் படுத்துத் தூங்கிய பெரிய உயரம் ஊட்டி, 2,240 மீட்டர். சந்தக்பூ 3,636. 3,000 மீட்டருக்கு மேல், படுக்கிற இடம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் ஏறக் கூடாது என்பது கணக்கு. கால் பலம் இதில் உதவாது.

உடுமலை_அம்மிணி:

அண்ணா சொல்வது இமயமலைக்குச் சரி. நம்ம காட்டில் உயரமா பிரச்சினை? யானை. டாப்சிலிப்பில் எங்களைக் கூட்டிப்போன மலசர் பழங்குடி அண்ணன் திடுக்கென்று கையைத் தூக்கி நிறுத்தினார். எங்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை. அப்போதுதான் ஒடித்த மூங்கிலைக் காட்டினார், பக்கத்தில் சூடு ஆறாத லத்தி. சித்தே நின்றோம். புதருக்குள் வயிறு உறுமுகிற சத்தம். வந்த வழியே திரும்பிவிட்டோம். நாங்களாகப் போயிருந்தால் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே போய் முட்டியிருப்போம்.

2018 மார்ச் குரங்கணித் தீயில் செத்தவர்களில் ஈரோட்டுப் பக்கத்துப் பிள்ளைகளும் உண்டு. இப்போது வனத்துறையே 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 2024 அக்டோபரில் 40 தடங்களைத் திறந்திருக்கிறது. சீட்டோடு உள்ளூர் வழிகாட்டியும் வருவார். அனுமதி இல்லாமல் காட்டுக்குள் நுழைகிற வேலையே வேண்டாமுங்க.

பெருந்துறை_பை:

கம்பெனி வேறு, வழிகாட்டி வேறு. நான் ஒரு முறை 24 பேர் கும்பலில் மாட்டினேன். எனக்கு வயிற்றால் போனபோது சமையல் பையனை என்னோடு விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்துவிட்டார்கள். அதற்கப்புறம் பயணத்தை நானே போட்டுக்கொண்டு, மலையடிவார ஊரில் ஒரு வழிகாட்டியை மட்டும் பிடிக்கிறேன். பணம் அவர் கைக்கே போகும், நடையும் நம்ம நடையாக இருக்கும். கம்பெனியோடுதான் போவது என்றால் பின்தங்குகிறவனோடு யார் நிற்பார் என்று முதலில் கேளுங்க. நேபாளத்தில் 2023 ஏப்ரலிலிருந்து வெளிநாட்டவருக்கு வழிகாட்டி கட்டாயம் என்று விதி. எவரெஸ்ட் பக்கம் மட்டும் உள்ளூர் நிர்வாகம் அதை அமல்படுத்தவில்லை.

திருப்பூர்_செக்கிங்:

எல்லாவற்றையும் வீட்டில் படித்துக் காட்டினேன். 'டீக்கடை இருக்குதுல்ல, அப்போ போங்க' என்று உத்தரவு வந்துவிட்டது. ஆகஸ்டுக்கு நாங்களே, சந்தக்பூவுக்கு உள்ளூர் ஆள். மழைக்கு என்ன எடுத்துக்கொள்வதுங்க அண்ணா?

கணபதி_லேத்:

பொன்சோ ஒன்று, தலையோடு பையையும் மூடுகிற மழை அங்கி. அப்புறம், பனியன் கம்பெனி ஆளிடம் சொல்லக் கூடாதுதான், காட்டன் பனியனைப் போட்டுக்கொண்டு போகாதீங்க. நனைந்தால் அங்கே காயவே காயாது, குளிர் எலும்புக்குள் இறங்கிவிடும். பாலியெஸ்டர் எடுங்க.

திருப்பூர்_செக்கிங்:

எங்கள் கம்பெனியிலேயே பாலியெஸ்டர் டீ-சர்ட் ஓடுதுங்க. செகண்ட்ஸில் மூன்று பேருக்கும் எடுத்து வைத்துவிடுகிறேன்.