‘சார்பற்ற தன்னிலை’ குறித்து: ‘தற்கோள்’ என்றொரு முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம். ஒருவர் தம்மை எவ்வாறு பொருள்கொள்கிறார் என்பதைக் குறிக்கும் ‘self-construal’ என்ற உளவியல் சொல்லுக்கும், அதன் ‘independent’, ‘interdependent’ என்ற இரு வகைகளுக்கும் இவ்விழையில் தமிழ்ச்சொல் தேடி வருகிறோம்.

> தம்மைப் பிறரிடமிருந்து பிரித்துக் காண்பதைச் ‘சார்பற்ற தன்னிலை’ என்றும், பிறரோடு சேர்த்துக் காண்பதைச் ‘சார்புடைய தன்னிலை’ என்றும் சொல்லலாமா?

சென்ற மடலில் வந்த இந்த இணையை ஏற்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஹேசல் மார்கஸ், ஷினோபு கிதயாமா ஆகிய உளவியலாளர்கள் இருவரும் 1991இல் எழுதிய கட்டுரையில் இக்கருத்துகளைப் படமாகவே வரைந்து காட்டியிருக்கிறார்கள். முதற்படத்தில் ‘நான்’ என்பது முழுக்கோட்டால் ஆன ஒரு வட்டம். தாய், தந்தை, நண்பர் முதலியோரின் வட்டங்கள் அதைத் தொடாமல் சுற்றி நிற்கின்றன. இரண்டாம் படத்தில் அந்த வட்டத்தின் கோடு விட்டுவிட்டு வரையப்பட்டிருக்கிறது. மற்ற வட்டங்கள் அதனுள் புகுந்திருக்கின்றன. ஒருவரின் முதன்மையான இயல்புகளைக் காட்டும் தடித்த குறிகள் வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில்தான் விழுகின்றன.

இரண்டாம் படத்தை ஒரு முறை பார்த்தவர் அதைச் ‘சார்புடையது’ என்று சொல்ல மாட்டார். கொடி கொம்பைச் சார்கிறது. கொம்பு கொடியைச் சார்வதில்லை. படத்தில் இருப்பதோ இரு வட்டங்களுக்கும் பொதுவான பரப்பு. அதைவிடப் பெரிய இடர், ‘சார்பற்ற’ என்னும் அடை தமிழில் ஏற்கெனவே ஒரு பாராட்டாகிவிட்டது என்பதே. சார்பற்ற நடுவர் என்றால் நேர்மையானவர். சார்புடைய நடுவர் என்றால் ஐயத்துக்குரியவர். ஆய்வாளர்கள் உயர்வு தாழ்வு சொல்லாமல் வைத்த இரண்டு வகைகளுள் ஒன்றுக்கு நற்சான்றும் மற்றொன்றுக்குக் குறையும் நம் மொழிபெயர்ப்பால் வந்து சேர வேண்டியதில்லை.

‘தன்னிலை’ என்பதை இலக்கியத் திறனாய்வாளர்கள் வேறு பொருளில் ஆண்டு வருகிறார்கள். ‘தன்னிலை விளக்கம்’ என்றால் செய்தித்தாளில் வேறொன்று. அதற்கு மாற்றாக ‘ஆன்மா’ என்பதும் அறவே பொருந்தாது. உபநிடதங்கள் பேசும் ஆன்மா உடலையும் உறவையும் கடந்தது. அப்படிப் பார்த்தால் அது முதற்படத்துக்கே அருகில் நிற்கும். புத்தரோ அப்படி நிலையான ஒன்று இல்லை என்றார். 1739இல் நூல் வெளியிட்ட ஸ்காட்லாந்து மெய்யியலாளர் டேவிட் ஹியூம், ‘நான்’ என்பது புலனுணர்வுகளின் கட்டு மட்டுமே என்று அவருக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறார். ஆகவே ‘கீழைத் தன்னிலை, மேலைத் தன்னிலை’ என்று திசையைச் சொல்லுக்குள் அடைக்க வேண்டும் என்ற மற்றொரு நண்பரின் கருத்தையும் என்னால் ஏற்க இயலவில்லை. 2016இல் விக்னோல்சும் உடன் ஆய்வாளர்களும் பல நாட்டுத் தரவுகளைக் கொண்டு இந்த இரட்டைப் பிரிவையே ஏழு கூறுகளாக விரித்துவிட்டார்கள். திசைப்பெயர் சூட்டிய சொல் அப்போதே பழையதாகியிருக்கும்.

நாம் பெயரிட வேண்டியது ‘தான்’ என்ற பொருளுக்கு அன்று. ஒருவர் தம்மை எவ்வாறு பொருள்கொள்கிறார் என்பதற்கு. செய்யுளில் சொற்களை எப்படிக் கூட்டிப் பொருள் காண்பது என்பதற்கு இலக்கணத்தார் ‘பொருள்கோள்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதைத் ‘தற்பொருள்கோள்’ என்று ஆக்கி, நீளம் கருதித் ‘தற்கோள்’ எனச் சுருக்கலாம். தற்காப்பு போலப் புணர்கிறது. மேற்கோள், கருதுகோள் என்ற வரிசையில் அமர்கிறது. வானியலார் இதையும் ஒரு கிரகமாக எண்ணிவிடக்கூடும். கருதுகோளைப் பொறுத்துக்கொண்டவர்கள் இதையும் பொறுப்பார்கள்.

அடைமொழிகளுக்கும் செய்யுளியலையே நாடுகிறேன்: தனிநிலைத் தற்கோள், தொடர்நிலைத் தற்கோள். தனிநிலைச் செய்யுள் தன்னளவில் பொருள் முடிவது. தொடர்நிலையுள் ஒரு வகையான அந்தாதியிலோ ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கமாகிறது; ஆயினும் ஒவ்வொரு பாட்டும் பாட்டாகவே இருக்கிறது. இந்த ‘ஆயினும்’ முக்கியமானது. ‘நான் யார்?’ என்ற வினாவுக்கு இருபது விடை எழுதச் சொல்லும் தேர்வு ஒன்றைக் கூனும் மெக்பார்ட்லண்டும் 1954இல் வகுத்தார்கள். 1989இல் ஸ்டீவ் கசின்ஸ் அதை அமெரிக்க, ஜப்பானிய மாணவர்களிடம் வைத்தபோது, ‘நான் பொறுமைசாலி’ என்பது போன்ற பொதுப்பண்பு விடைகளை அமெரிக்கர்களே மிகுதியாக எழுதினார்கள். ‘வீட்டில் நான் யார், பள்ளியில் நான் யார்’ என்று இடத்தைச் சொல்லிக் கேட்டதும் நிலை தலைகீழானது. ஜப்பானிய மாணவர்களே பண்புகளை மிகுதியாகச் சொன்னார்கள். அவர்களிடம் ‘நான்’ மங்கலாக இருந்ததாகக் கொள்ள முடியாது. எந்தப் பாட்டுக்கு அடுத்து என்று தெரிந்தால்தான் அடியெடுக்க முடியும் என்பதே அவர்கள் நிலை. ‘சார்புடைய’ என்ற சொல் இதைக் காட்டாது, ‘தொடர்நிலை’ காட்டுகிறது.

ஒரு பெண் உடன்பிறப்பு இல்லாதவராயினும் ‘எங்கள் அம்மா’ என்றுதான் சொல்கிறார், ஆகவே தமிழர் இந்த இரண்டாம் வகையினர் என்று ஒரு மடல் வந்திருந்தது. அழகான கவனிப்பு. ஆனால் அவரே ‘என் பேனா’ என்றும் ‘என் கருத்து’ என்றும் சொல்கிறார். இதை வைத்து ஒரு பண்பாட்டையே அளக்க நான் துணியமாட்டேன்.

ஒரு சிக்கல் மட்டும் எனக்குத் தீரவில்லை. இவ்விரு வகைகளையும் அளக்கச் சிங்கெலிஸ் என்ற ஆய்வாளர் 1994இல் உருவாக்கிய 24 கூற்றுகள் கொண்ட அளவீட்டை நம் முறைப்படி ‘தற்கோள் அளவுகோல்’ என்று எழுத வேண்டும். வாய்விட்டுப் படித்தால் கோளும் கோலும் மோதுகின்றன. ‘தற்கோள் அளவி’ என்று எழுதிப் பார்த்தேன், அது ஏதோ கருவிபோல் ஒலிக்கிறது. வேறு சொல் தோன்றுபவர்கள் இவ்விழையிலேயே எழுதுங்கள்.