பொருள்: மென்னீராக்கித் தொட்டியில் உப்பு கெட்டிப்பட்டு நிற்பதற்கு என்ன சொல்?

லெனேசியாவிலிருந்து

எல்லோருக்கும் வணக்கம்.

போர்ஹோல் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீருக்கு மென்னீராக்கி, அதாவது கடின நீரை மென்னீராக மாற்றும் கருவி, மாட்டியிருக்கும் வீடுகளுக்காக இரண்டு பக்கத்தில் ஒரு குளிர்காலப் பராமரிப்புத் தாள் தமிழில் தயாராகிறது. தென்னாப்பிரிக்காவில் லெனேசியாவும் சென்சூரியனும் டோலமைட் பாறைமேல் உட்கார்ந்திருக்கும் ஊர்கள். கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்தே கரைந்து வரும். டர்பன்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, குழாயில் வருவதே மென்னீர்தான். ஆனாலும் சொல் விஷயத்தில் உங்கள் உதவி வேண்டும்.

உப்புத் தொட்டியில் மேல் உப்பு கெட்டிப்பட்டு, சுவருக்குச் சுவர் தட்டாகப் பிடித்துக்கொள்கிறது. அடியில் இருந்தது கரைந்து போயிருக்கும், நடுவே வெற்றிடம். மூடியைத் திறந்தால் தொட்டி நிறைய உப்பு. தண்ணீரோ உப்பைத் தொடுவதே இல்லை. வால்வு நேரம் தவறாமல் மீளூட்டம் (உவர்நீரை இழுத்து ரெசினைப் புதுப்பிப்பது) நடத்தும். ஆனால் கால்சியம், மக்னீசியம் என்ற கடினத்தைப் பிடிக்கும் அந்த ரெசின் பரல்களுக்குள் வெறும் தண்ணீரை இழுத்துவிட்டு முடித்துக்கொள்ளும். சோப்பு நுரைக்காது, கீஸர் கம்பியில் சுண்ணாம்பு ஏறும். வீட்டுக்காரர் ரெசின் செத்துவிட்டது என்று நினைத்துப் புது ரெசினுக்கு விலை கேட்பார்.

ஆங்கிலத்தில் இதைப் பாலம் என்கிறார்கள். உப்புப் பாலம் என்று போட்டுவிடலாமா? இங்கே குளிர்காலமான ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் அதிகம் நேர்கிறது என்பதால் ‘உப்பு உறைவு’ என்றும் ஒரு யோசனை வந்திருக்கிறது.

சாட்ஸ்வொர்த்திலிருந்து

தம்பி, உப்புப் பாலம் வேண்டாம். பள்ளி வேதியியல் பாடப் புத்தகத்தில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. மின்கலத்தில் இரண்டு கரைசல்களை இணைக்கும் குழாய்க்கு உப்புப் பாலம் என்று பெயர். அங்கே அது இல்லாவிட்டால் கலம் நின்றுபோகும். உங்கள் தொட்டியில் அது இருந்தால் கருவி கெடும். ஒரே பெயருக்கு நேர் எதிரான இரண்டு குணம் இருந்தால் பிள்ளைகள் குழம்பிப்போவார்கள்.

‘உப்புப் பொருக்கு’ எப்படி? ஏரி வற்றினால் சேறு காய்ந்து பொருக்கு விடும், புண் ஆறினால் பொருக்குத் தட்டும். காய்ந்து இறுகிய மேல்தோல் என்பது சொல்லிலேயே இருக்கிறது.

சென்சூரியனிலிருந்து

‘உறைவு’ கூடவே கூடாது. அந்தச் சொல்லைப் படிப்பவர் தொட்டிக்குள் பனி பிடித்துவிட்டது என்றே எடுத்துக்கொள்வார், கொதிக்கும் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றுவார். பாலித்தீன் தொட்டியும் மிதவையும் அதைத் தாங்காது.

நடப்பது வேறு. 23 சதவீத உப்புக் கரைசல் உறைய மைனஸ் 21 பாகை வேண்டும். ஜோஹன்னஸ்பர்க் பக்கம் அதற்கு வழியே இல்லை. குளிரில் உப்பு கரையாமல் போகிறது என்பதும் சரியல்ல. 100 கிராம் தண்ணீரில் 25 பாகையில் 36 கிராம் உப்பு கரையும், 0 பாகையில் 35.7 கிராம். கரைய எடுக்கும் நேரம்தான் நீளும்.

அப்படியானால் குளிர்காலத்தில் ஏன்? ஹைவெல்டில் (ஜோஹன்னஸ்பர்க் சுற்றியுள்ள மேட்டுநிலம்) தொட்டியைப் பெரும்பாலும் வெளிச் சுவரோரம் வைக்கிறார்கள். பகலில் வெயில் பட்டு உள்ளே ஈரம் கிளம்பும், இரவில் மூடி சில்லிடும். மூடியின் அடியில் நீர் கோத்து மேல் உப்பின்மேல் சொட்டும். மேல் அடுக்கு லேசாகக் கரைந்து, மறுநாள் காய்ந்து, பரல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். தினமும் இதே கதை. அதோடு, தண்ணீர்ச் செலவு குறைந்தால் மீட்டர் வைத்த வால்வு மீளூட்டத்தைத் தள்ளித் தள்ளிப் போடும், உப்பு அசையாமல் கிடக்கும். இதற்கெல்லாம் மேலே, விலை மலிவு என்று பொடி உப்பை வாங்கி விளிம்புவரை கொட்டினால் தட்டு கட்டாமல் என்ன செய்யும்?

ஆகவே பொருக்குப் பக்கம்தான் நானும் சாய்கிறேன். ஆனால் ஒரு குறை: பொருக்கு மெல்லியது, கீழே இருப்பதன்மேல் ஒட்டிக்கிடப்பது. இங்கே தட்டின் கனம் ஒரு சாண்கூட வரும், அடியிலே ஒன்றும் இருக்காது. ‘உப்புப் பரண்’ என்றால்? பரணுக்குக் கீழே இடம் காலி.

சாட்ஸ்வொர்த்திலிருந்து

ஐயா, பரண் நல்ல சொல்தான். இங்கே பிறந்த பிள்ளைகளில் யார் பரணைப் பார்த்திருக்கிறார்கள்? வகுப்பில் அதைச் சொன்னால் அதற்கே ஒரு படம் வரைய வேண்டும். ‘கூரை’ என்றால் தகரக் கூரை, ஓட்டுக் கூரை எல்லோருக்கும் தெரியும். கீழே வெற்றிடம் இருந்தால்தான் கூரை. உப்புக் கூரை. ‘தொட்டியில் கூரை கட்டியிருக்கு’ என்று பேச்சிலும் வரும்.

பொருக்கையும் விட்டுவிட வேண்டாம். கீழே உப்பின்மேலேயே படிந்து கிடக்கும் மெல்லிய இறுகலுக்கு அதை வையுங்கள்.

லெனேசியாவிலிருந்து

அக்கா, இது பிடித்திருக்கிறது, ஏனென்றால் வைத்தியமும் வேறு வேறு. பொருக்கு என்றால் கையால் கிளறிவிட்டால் போதும். கூரை என்றால் உடைக்க வேண்டும். மூன்றாவதாக ஒன்று உண்டு: நுண்ணிய பரல்கள் அடியில் கூழாகத் தங்கி உறிஞ்சு குழாயை அடைப்பது. அதற்கு ‘உப்புச் சேறு’. அதைக் கம்பால் குத்திப் பயனில்லை, தொட்டியைக் காலி செய்து கழுவத்தான் வேண்டும்.

தாளுக்கு எழுதிய பகுதி கீழே. திருத்துங்கள்.

“உப்புக் கூரை சோதனை. துடைப்பக் கட்டை ஒன்றைத் தொட்டிக்கு வெளியே தரையில் ஊன்றி, தொட்டி விளிம்புக்கு 3 செ.மீ. கீழே அதில் ஒரு கோடு போடவும். பிறகு கட்டையை உப்புக்குள் மெல்ல அழுத்தி இறக்கவும். கோடு விளிம்பைத் தொடும் முன்பே கட்டை முட்டிக்கொண்டு நின்றால், அல்லது ஓரிடத்தில் முட்டிப் பின் திடீரென்று உள்ளே விழுந்தால், அங்கே கூரை இருக்கிறது.

உடைக்கும் முன் மென்னீராக்கியைச் சுற்றுவழிக்கு (தண்ணீர் கருவிக்குள் போகாமல் நேரே வீட்டுக்குப் போகும் வழி) மாற்றவும். மிதவை இருக்கும் செங்குத்துக் குழாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நாலைந்து இடத்தில் குத்தவும். இரும்புக் கடப்பாரை கூடாது, தொட்டிச் சுவரை வெளியிலிருந்து தட்டவும் கூடாது. தொட்டியில்தான் விரிசல் விழும். இளகாவிட்டால் கை பொறுக்கும் சூட்டில் 3 அல்லது 4 லிட்டர் தண்ணீரைக் கூரைமேல் பரவலாக ஊற்றி, அரை மணி நேரம் கழித்துக் குத்தவும். பெரிய கட்டிகளை அள்ளி நொறுக்கிப் போடவும். உவர்நீர் முழுச் செறிவுக்கு வர 4 மணி நேரம் விட்டு, சுற்றுவழியை மூடி, கையால் ஒரு மீளூட்டம் தொடங்கவும்.”

சென்சூரியனிலிருந்து

நன்றாக இருக்கிறது. ஒரு சேர்க்கை: மேலே ஊற்றிய தண்ணீரும் உவர்நீராகிவிடும். ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 360 கிராம் உப்பை ஏற்கும். 4 லிட்டர் என்றால் ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக உப்பு கூடுதலாக ரெசினுக்குப் போகும். கேடில்லை. ஆனால் அலசல் நேரம் பழையபடிதானே இருக்கும், முதலில் வரும் தண்ணீர் கரிக்கும். தோட்டக் குழாய்க்கு மென்னீர் போகாத வீட்டில் குளியலறைக் குழாயைத் திறந்து, கரிப்பு போகும்வரை ஓடவிடச் சொல்லுங்கள். அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்ற வேண்டாம்.

எவ்வளவு உப்பு செலவாக வேண்டும் என்ற கணக்கையும் தாளில் போட வேண்டும், இல்லாவிட்டால் கூரை இருப்பது யாருக்கும் சந்தேகமே வராது. 25 லிட்டர் ரெசின், லிட்டருக்கு 96 கிராம் உப்பு என்று வைத்தால் ஒரு மீளூட்டத்துக்கு 2.4 கிலோ. அதில் ரெசின் பிடிக்கும் கடினம் ஏறத்தாழ 1.15 கிலோ, கால்சியம் கார்பனேட் கணக்கில். தண்ணீரின் கடினம் லிட்டருக்கு 300 மில்லிகிராம் என்றால் 3,800 லிட்டர்வரை தாங்கும். ஒரு நாளைக்கு 1,000 லிட்டர் செலவழிக்கும் வீட்டில் நாலாம் நாளுக்குள் மீளூட்டம் வர வேண்டும், 25 கிலோ மூட்டை ஒன்று பத்து மீளூட்டத்துக்குத்தான் வரும். ஆறு வாரமாக உப்பு மட்டம் இறங்கவில்லை என்றால் அது சிக்கனம் அல்ல. தொட்டியில் பாதிக்கு மேல் உப்பு நிரப்பாமல் இருந்தாலே குளிர்காலத்தில் பாதித் தொல்லை தீரும்.

தாளின் வேறோர் இடத்தில் ‘பின்கழுவல்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதையும் மாற்றுங்கள். ‘பின்’ என்றால் பிறகு என்றும் பொருள். மீளூட்டத்தின் கடைசியில் விரைவு அலசல் வேறு வருகிறதே, படிப்பவர் அதைத்தான் பின்கழுவல் என்று எண்ணுவார். ரெசினைக் கீழிருந்து மேலாகத் தூக்கிக் கழுவுவதுதான் முதல் கட்டம். ‘எதிர்க்கழுவல்’ என்றால் திசையும் வரும், வரிசையும் குழம்பாது.

லெனேசியாவிலிருந்து

எதிர்க்கழுவல் என்றே மாற்றிவிட்டேன். குளிரில் அந்தக் கட்டத்திலும் ஒரு வம்பு இருக்கிறதே, ஐயா. போர்ஹோலிலிருந்து நேரே வரும் தண்ணீரின் வெப்பம் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறாது. வெளியே வைக்கும் ஜோஜோ பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியில் ஓரிரவு நின்ற தண்ணீர் அப்படியில்லை.

சென்சூரியனிலிருந்து

ஆமாம். 20 பாகையில் இருப்பதைவிட 8 பாகையில் தண்ணீரின் பாகுத்தன்மை ஏறத்தாழ 40 சதவீதம் அதிகம். அதே வேகத்தில் ஓடினாலும் ரெசின் படுகையைக் கூடுதலாகத் தூக்கும், சில பரல்கள் வடிகுழாய் வழியே வெளியேறும். வடிகுழாய் முனையில் பழைய காலுறை ஒன்றைக் கட்டி ஒரு எதிர்க்கழுவல் ஓட்டினால் தெரிந்துவிடும். பழுப்பு நிறத்தில் கடுகைவிடச் சிறிய உருண்டைகள் தங்கினால், வடிகால் வாயிலில் இருக்கும் ரப்பர் வில்லையை ஒரு அளவு குறைத்துப் போட வேண்டும். அக்டோபரில் பழையதை மாட்டிக்கொள்ளலாம். சோதனை முடிந்ததும் காலுறையைக் கழற்ற மறக்கக் கூடாது, அடைத்துக்கொண்டால் அடுத்த மீளூட்டத்தில் உவர்நீர் இழுக்காது.

இரவு 2 மணிக்கு ஓடும்படி வைத்திருப்பதையும் பகல் 11 மணிக்கு மாற்றச் சொல்லுங்கள். பகலில் தண்ணீர்ச் செலவு குறைந்த வேளை அது, வெளியே கிடக்கும் வடிகுழாயில் நின்ற நீர் பனியில் உறைந்து அடைக்கும் பயமும் இல்லை. வடிகுழாயைத் தொய்வில்லாமல் சரிவாகக் கட்டினால் நீரே நிற்காது. மின்வெட்டு வந்து போனால் பல்சக்கரம் வைத்த பழைய வால்வு நின்ற நேரத்திலிருந்தே மறுபடி ஓடும், பேட்டரி உள்ளதுக்கு அந்தக் கவலை இல்லை. ஆகவே 11 மணி என்பது 11 மணிதானா என்று வாரம் ஒருமுறை கடிகாரத்தோடு ஒப்பிட வேண்டும்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து

கூரை, பொருக்கு, சேறு, எதிர்க்கழுவல் நாலையும் நம் சொற்பட்டியலில் ஏற்றிவிட்டேன். ‘மீளூட்டம்’ பற்றி யாரும் மறுப்புச் சொல்லவில்லை, அதையும் ஏற்றலாமா? ரெசினை ரெசின் என்றே விடுவோம். பிசின் என்றால் கருவேலம் பிசின்தான் நினைவுக்கு வரும்.

லெனேசியாவிலிருந்து

ஏற்றுங்கள் அக்கா. சுற்றுவழி வால்வுக்குப் படம் போடுகிறேன். கைப்பிடி குழாய்க்குக் குறுக்கே இருந்தால் மூடியது, குழாயோடு நேராக இருந்தால் திறந்தது என்று படத்தின் கீழேயே எழுதிவிடுகிறேன்.