ஹார்னஸில் செயற்கைக்கோள் டிராக்கர்: வாலிநோக்கம் பக்கம் பறக்கும்போது எதை, எங்கே கட்டுவது?

கீழக்கரைப்பறவை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். இப்ப துபாய்ல வேலை. நவம்பர்ல ஒரு மாச லீவுல ஊருக்கு வர்றேன். ஏர்வாடி, வாலிநோக்கம் மணல்ல வின்ச் (கயிறைச் சுருட்டி இழுக்கிற எந்திரம்) போட்டு இழுத்து பாராகிளைடர் பறக்கலாம்னு நாலு பேர் திட்டம் வச்சிருக்கோம். கடைசி வாரம் இமாச்சலப் பிரதேசத்துல இருக்கிற பாராகிளைடிங் இடமான பீர் பில்லிங். கையில கார்மின் இன்ரீச் மினி செயற்கைக்கோள் டிராக்கர் இருக்கு, சந்தாவும் ஓடுது.

கேட்க வேண்டியது மூணு. இதை ஊருக்குக் கொண்டு வந்து பயன்படுத்தலாமா? ஹார்னஸ்ல (உடம்போட கட்டிக்கிற இருக்கை வார்ல) எந்த இடத்துல கட்டுறது சரி? இப்ப காக்பிட்ல (மடிக்கு முன்னால இருக்கிற கருவிப் பலகையில) வெல்க்ரோ போட்டு ஒட்டியிருக்கேன். கடல்ல விழ வேண்டி வந்தா இது வேலை செய்யுமா?

---

மண்டபம்கரை எழுதியது:

தம்பி, முதல் கேள்விக்குப் பதில்: கொண்டு வராதீங்க. அணைச்சு வச்சுக் கொண்டு வந்தாலும் சரி, பெட்டிக்குள்ள வச்சாலும் சரி, வேண்டாம்.

இன்ரீச் வெறும் ஜிபிஎஸ் இல்லை. இரிடியம் செயற்கைக்கோளுக்கு அது செய்தி அனுப்புது. தொலைத்தொடர்புத் துறையோட அனுமதி இல்லாம அந்த மாதிரிக் கருவியை இந்தியாவுல வச்சிருக்கிறதே குற்றம். 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம், 1933ஆம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டம், இந்த ரெண்டுலயும்தான் வழக்குப் போட்டுட்டு இருந்தாங்க. 2023 தொலைத்தொடர்புச் சட்டம் வந்த பிறகும் நிலைமை அதேதான். மலையேற வந்த வெளிநாட்டுக்காரங்க பல பேர் உள்நாட்டு விமானம் ஏறும்போது ஸ்கேனர்ல இந்தக் கருவி மாட்டிக் கைதாகியிருக்காங்க. "உயிர்காக்கும் கருவி, எங்க நாட்டுல எல்லாரும் வச்சிருக்கோம்" என்ற பதில் எடுபடலை. நீங்க மதுரையில இறங்கும்போது தப்பிச்சாலும் பீர் போற விமானத்துல மாட்டும்.

தவறிக் கொண்டு வந்துட்டா, சுங்கத்துல சிவப்பு வழியில போய் நீங்களே சொல்லிடுங்க. உள்ளதை உள்ளபடி அறிவிச்சா, 1962 சுங்கச் சட்டம் 80ஆம் பிரிவுப்படி பொருளை அங்கேயே நிறுத்தி வச்சு, திரும்பிப் போகும்போது வாங்கிக்கிற மாதிரி ரசீது கேட்கலாம். அறிவிக்காம பச்சை வழியில நடந்துட்டா அந்தக் கதவு மூடிடும்.

இதுல நம்ம கரைக்குன்னு தனிக் கனம் ஒண்ணு இருக்கு. உச்சிப்புளியில கடற்படை விமானதளம் ஐஎன்எஸ் பருந்து. மண்டபத்துல கடலோரக் காவல்படை. அந்தப் பக்கம் இலங்கை எல்லை. இந்தக் கடற்கரையில சாட்டிலைட் கருவியோட ஒருத்தர் ஆகாயத்துல இருந்து இறங்கினா, விளையாட்டுக்காரர்னு யாரும் எடுத்துக்க மாட்டாங்க. கருவியே இல்லாமப் பறக்கிறதா இருந்தாலும் கலெக்டர் ஆபீஸ், எஸ்பி ஆபீஸ், மரைன் போலீஸ், கடற்படை எல்லா இடத்துலயும் எழுத்துல அனுமதி வாங்கின பிறகுதான் வின்ச்சை மணல்ல இறக்கணும். அனுமதி வரலைன்னா பீர் மட்டும் போயிட்டு வாங்க.

---

வடகடல்காற்று எழுதியது:

மேலே சொன்னது சரி. அதுக்குப் பதிலா என்ன வச்சுக்கலாம்னு நான் சொல்றேன்.

406 மெகாஹெர்ட்ஸ் பிஎல்பி, அதாவது தனி ஆள் வச்சுக்கிற ஆபத்து அறிவிப்புக் கருவி. இது டிராக்கர் இல்லை. ஆபத்துல மட்டும் ஆன்டெனாவை விரிச்சு அழுத்துற கருவி. சந்தா கிடையாது, செய்தி டைப் பண்ண முடியாது. அழுத்தினதும் சுமார் 50 விநாடிக்கு ஒரு தடவை அரை விநாடி நேரம் 5 வாட் வீச்சுல குறியீடு போகும். கூடவே 121.5 மெகாஹெர்ட்ஸ்ல மெல்லிய சிக்னல் ஒண்ணு ஓடும். கிட்ட வந்த கப்பலும் ஹெலிகாப்டரும் அதைப் பிடிச்சுத்தான் ஆளைத் தேடும். பேட்டரி குறைஞ்சது 24 மணி நேரம் தாங்கணும்னு விதி.

இன்ரீச்சோட எஸ்ஓஎஸ் முதல்ல அமெரிக்காவுல உள்ள தனியார் மையத்துக்குப் போகும். அவங்க அங்கிருந்து இங்க உள்ள அதிகாரிகளைக் கூப்பிடணும். பிஎல்பி நேரா அரசாங்க வலையில விழுது. இந்தியாவோட நாட்டுக் குறியீடு 419 பதிஞ்ச கருவின்னா, பெங்களூருல இஸ்ரோவோட இஸ்ட்ராக் வளாகத்துல இருக்கிற இந்தியக் கட்டுப்பாட்டு மையம் அதைப் பார்த்து, கடல்னா சென்னையில உள்ள கடலோரக் காவல்படை மீட்பு மையத்துக்குத் தள்ளும். அங்கிருந்து மண்டபம்.

இதுல பெரும்பாலானவங்க கோட்டை விடுற இடம் குறியீடும் பதிவும். துபாய் கடையில வாங்கினா அதுல 470ன்னு அமீரகக் குறியீடு இருக்கும். இராமநாதபுரத்துக் கடல்ல அழுத்தினாலும் இடம் தெரியும், தகவலும் வரும். ஆனா கருவி யாரோடது, வீட்டுல யாரைக் கூப்பிடணும்ங்கிற விவரம் அந்த நாட்டுப் பதிவேட்டுல இருக்கும். அதனால இந்தியாவுலயே 419 குறியீட்டோட வாங்குங்க. கருவியோட 15 எழுத்து அடையாள எண்ணை பெங்களூருல பதிவு பண்ணுங்க. இதுவும் ரேடியோ கருவிதான், அதனால அனுமதித் தாள் எல்லாம் சரியா இருக்கான்னு விற்கிறவர்கிட்ட எழுத்துல வாங்கி பையிலயே வைங்க. வீட்டு நம்பரோட, அன்னிக்குத் தரையில நிற்கிற ஒருத்தரோட நம்பரையும் பதிவுல கொடுங்க. மையத்துல இருந்து முதல்ல அந்த நம்பருக்குத்தான் போன் வரும். எடுக்கிறவர் "ஆமா, வாலிநோக்கத்துல பறக்கிறார்"ன்னு சொன்னாலே பாதி வேலை முடிஞ்சது.

தடம் காட்டுறதுக்கு போன் போதும். எக்ஸ்சிடிராக் ஆப்ல நேரலைத் தடம் போட்டுக்குங்க. ஒரு குறை: செல்போன் கோபுரத்து ஆன்டெனாவைத் தரையைப் பார்த்துச் சாய்ச்சு வச்சிருப்பாங்க. உயரத்துல போன் கோபுரம் விட்டு கோபுரம் தாவும், பேட்டரி சீக்கிரம் இறங்கும். முழு சார்ஜோட கிளம்புங்க.

---

ரைசர்முடிச்சு எழுதியது:

ரெண்டாவது கேள்விக்கு வர்றேன். பிஎல்பியோ, அனுமதி உள்ள நாட்டுல இன்ரீச்சோ, கட்டுற முறை ஒண்ணுதான்.

காக்பிட்ல இருந்து முதல்ல கழட்டுங்க. ரிசர்வ் பாராசூட் வீசினதும் உடம்பு நிமிர்ந்துடும், காக்பிட் கீழே சரிஞ்சு தொங்கும். அந்த நிலையில கருவி தரையைப் பார்த்துட்டு இருக்கும். மரத்துல சிக்கினா எட்டாது. வேகமாத் தரையில மோதினா முதல்ல பிய்யுறதும் அந்தக் காக்பிட்தான். வெல்க்ரோ மட்டும் போட்டிருக்கிறது இன்னும் மோசம். வெயில்ல பசை இளகி, விங் (பாராகிளைடரோட துணி இறக்கை) ஒரு பக்கம் மடியும்போது கருவி கழண்டு போயிடும். முதுகுப் பைக்குள்ள வச்சா உங்க உடம்பே வானத்தை மறைக்கும், கையும் போகாது.

சரியான இடம் தோள்பட்டை வாருக்கு முன்பக்கம், காறை எலும்புக்கு மூணு விரல் கீழே. ஆன்டெனா மேலே பார்க்கணும். ரிசர்வ் கைப்பிடி பெரும்பாலும் வலது பக்கம் இருக்கும், அதனால இடது தோள்ல கட்டுங்க. வாக்கிடாக்கியை அதே தோள்ல மாட்டாதீங்க. பேசும்போது அது கிளப்புற வீச்சு பக்கத்துல இருக்கிற ஜிபிஎஸ்ஸைக் குருடாக்கும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு அடியாவது இடைவெளி வேணும்.

கருவியோட வர்ற குட்டிக் காராபைனரை (கொக்கி வளையத்தை) கழட்டி வீட்டுல வச்சிடுங்க. அதோட வாய் ஸ்பிரிங்ல உள்பக்கமாத் திறக்கும். விங்கைத் தூக்கும்போது தளர்ந்த கயிறு ஒண்ணு உரசினா "டக்"னு உள்ளே போய் மாட்டிக்கும், வெளியே வராது. அந்தக் கயிறு மாட்டின நிலையில ஓடிக் கிளம்பினா, விங்கோட ஒரு பக்கம் உங்க தோள்ல கட்டின மாதிரி ஆகிடும். அதுக்குப் பதிலா இறுக்கமான எலாஸ்டிக் பை ஒண்ணு. ரெண்டு, மூணு மில்லிமீட்டர் கயிறை கருவியோட துளையில கோத்து வாரோட தையல் வளையத்துல முடிச்சுப் போடுங்க. நீளம் 30 சென்டிமீட்டர். கழட்டி முகத்துக்கு நேரா வச்சுத் திரையைப் பார்க்க அவ்வளவு போதும். அதைவிட நீளமா விட்டா பிரேக் கயிறு ஓடுற புல்லியில சுத்தும். மிச்சக் கயிறைப் பைக்குள்ளேயே மடிச்சு வைங்க. எஸ்ஓஎஸ் பட்டன் மேல உள்ள மூடி வாரோட உள்பக்கம் உரசக்கூடாது, வெளியே பார்க்கணும்.

கட்டி முடிச்சதும் வீட்டு உத்திரத்துலயோ நல்ல கிளையிலயோ ஹார்னஸைத் தொங்கவிட்டு, ஹெல்மெட்டும் கையுறையும் போட்டு உட்காருங்க. இடது கையால எட்டுதா, வலது கையால எட்டுதான்னு தனித்தனியாப் பாருங்க. ஒரு கை ஒடிஞ்சிருக்கலாம்னு வச்சுத்தான் சோதிக்கணும். ரிசர்வ் கைப்பிடியை இழுக்கிற பாதையில கருவியோ கயிறோ குறுக்கே வரக்கூடாது. தலையைத் திருப்பினா ஹெல்மெட் தாடைப் பட்டை அதுல இடிக்கக்கூடாது.

இன்ரீச்லயோ போன்லயோ எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை இடம் அனுப்பணும்ங்கிற தட இடைவெளியையும் மாத்துங்க. 10 நிமிஷத்துக்கு ஒரு புள்ளின்னு வச்சா, மணிக்கு 40 கிலோமீட்டர்ல அதுக்குள்ள 6.7 கிலோமீட்டர் போயிருப்பீங்க. கடைசிப் புள்ளியைச் சுத்தித் தேட வேண்டிய பரப்பு 140 சதுர கிலோமீட்டர். அதையே 2 நிமிஷமாக்கினா ஐந்தரை சதுர கிலோமீட்டர். பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் தீரும், தீரட்டும்.

இறக்கை விறைப்பா உள்ள கிளைடர்ல உட்கார்ந்து பறக்கிறவங்களுக்கு ஒரு வரி: கார்பன் ஃபைபர் உடல் சிக்னலை மறைக்கும், கண்ணாடி மூடிக்குக் கீழே பிரச்சினை இல்லை. ஆனா டேஷ்போர்டுல வைக்காம, உங்க பாராசூட் வார்ல கட்டுங்க. குதிக்க வேண்டி வந்தா கருவி உங்களோட வரணும். கட்டாம விட்டா விமானத்தைத் திருப்புற ஸ்டிக் அடியில உருண்டு போய் அடைச்சுக்கும்.

---

கீழக்கரைப்பறவை எழுதியது:

மண்டபம்கரை காக்கா, இன்ரீச்சை இங்கேயே வச்சுட்டு வர்றேன். அனுமதிக்கு ஊர்ல இருக்கிறவங்களை எழுதச் சொல்லியாச்சு. கடல் பத்தி மட்டும் இன்னும் தெளிவா வேணும். தோள்ல கட்டின பிஎல்பி தண்ணிக்குள்ள போனா?

---

தென்கடல் எழுதியது:

நீங்க பறக்கப் போற மாசமே முதல் பிரச்சினை. நவம்பர்ல வாடை, அதாவது வடகிழக்குக் காற்று. ஏர்வாடி, வாலிநோக்கம் கரை தெற்கைப் பார்த்தது, அதனால வாடை உங்களைக் கரையில இருந்து கடலுக்குத் தள்ளும். தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் வடகடல்ல இதே காற்று கரைக்கு வரும். கச்சான் (தென்மேற்குக் காற்று) மாசத்துல எல்லாம் தலைகீழ்.

கணக்கைப் பாருங்க. விங்கோட வேகம் 36, எதிர்காற்று 25ன்னா தரைமேல உங்க வேகம் மணிக்கு 11 கிலோமீட்டர்தான். 300 மீட்டர் உயரத்துல இருந்து விநாடிக்கு 1.15 மீட்டர் இறங்கினா 260 விநாடி கிடைக்கும். அதுக்குள்ள 800 மீட்டர்தான் திரும்பி வர முடியும். காற்று 30 ஆயிட்டா 430 மீட்டர். மேலே போகப் போகக் காற்று கூடும்ங்கிறதால நிஜத்துல இன்னும் குறைவு. வின்ச் கயிறை விடும்போது கரைக்கோட்டுக்கு உள்பக்கம் இருந்தா மட்டும் வாடையில பறங்க. தீவுல இறங்கிக்கலாம்னு கணக்குப் போடாதீங்க. மன்னார் வளைகுடாவுல உள்ள 21 தீவும் தேசியப் பூங்கா.

இப்ப கருவி. தண்ணியில விழுந்ததும் நீங்க செய்ய வேண்டிய முதல் வேலை ஹார்னஸை விட்டு வெளியே வர்றது. பிஎல்பி ஹார்னஸ்ல இருந்தா அது ஹார்னஸோடயே போயிடும். கடல் பக்கம் பறக்கிற அன்னிக்கு மட்டும் அதை லைஃப் ஜாக்கெட் மார்புல கட்டுங்க, ரைசர்முடிச்சு சொன்ன அதே கயிறு முடிச்சோட. ஜாக்கெட் தண்ணி பட்டதும் தானா ஊதுற ரகமா இருக்கக்கூடாது. ஹார்னஸுக்குள்ள அது ஊதினா நெஞ்சை இறுக்கி பக்கிளைத் திறக்க விடாது. ஃபோம் ஜாக்கெட் நல்லது.

முதுகுல இருக்கிற ஃபோம் பாதுகாப்பு மிதக்கும். மிதந்து உங்க முகத்தைத் தண்ணிக்குள்ள கவிழ்க்கும். அதனால கடல்தான்னு முடிவானதும் இன்னும் உயரத்துலயே ஹார்னஸ்ல நல்லாப் பின்னால உட்கார்ந்து மார்புப் பக்கிளையும் ஒரு கால் பக்கிளையும் திறந்து வைங்க. கடைசிப் பக்கிளை, கால் தண்ணியில பட்ட பிறகுதான். கடல் மேல உயரம் கண்ணுக்கு ஏமாத்தும். 3 மீட்டர்னு நினைச்சுக் குதிக்கிற இடம் 15 மீட்டரா இருக்கும். காற்றைப் பார்த்து இறங்குங்க, விங் உங்களுக்குப் பின்னால விழும். எதிர்த்திசையில கயிறை விட்டு விலகி நீந்துங்க. கயிறு அறுக்கிற கொக்கிக் கத்தி கைக்கு எட்டுற இடத்துல இருக்கட்டும்.

வெளியே வந்த பிறகு ஆன்டெனாவை விரிச்சு அழுத்துங்க. தண்ணிக்குள்ள இருந்து சிக்னல் போகாது, ஆன்டெனா மேல ஈரத்துணி போர்த்தினாலும் கெடுக்கும். கருவி மிதந்தாலும் சாய்ஞ்சு கிடக்கும், அதனால கையால நிமிர்த்தி ஜாக்கெட் கழுத்துப் பக்கம் பிடிச்சுக்கிட்டே இருக்கணும். ஜிபிஎஸ் உள்ள கருவின்னா 100 மீட்டர் அளவுக்குள்ள இடம் காட்டும்.

ஆனா அந்தச் செய்தி பெங்களூரு போய், சென்னை போய், மண்டபம் வந்து, அங்கிருந்து படகு கிளம்பணும். அதுக்குள்ள நீங்க நகர்ந்திருப்பீங்க. அதனால பறக்கிற நேரம் முழுக்க ஒரு ஃபைபர் வள்ளம் கரையில இருந்து 500 மீட்டர்ல, எஞ்சின் சூடா, காற்று போற பக்கம் நிற்கணும். வள்ளத்துல ரெண்டு ஆள், ஒரு கத்தி, ஒரு வாக்கிடாக்கி. இஸ்ரோ உருவாக்கின டாட் கருவி வச்சிருக்கிற படகாக் கேட்டு எடுங்க. மீனவங்க ஆபத்துச் செய்தி அனுப்புறதுக்குன்னே செஞ்சது அது, படகுப் பேர்ல பதிவாகியிருக்கும். ரெண்டாம் தலைமுறைக் கருவின்னா செய்தி கிடைச்சதுன்னு பதிலும் வரும். விங் கிட்ட வரும்போது எஞ்சினை அணைச்சுத் துடுப்புல வரச் சொல்லுங்க. கயிறு புரொப்பெல்லர்ல சுத்திட்டா வள்ளமும் நிற்கும், நீங்களும் உள்ளே இழுபடுவீங்க.

கரையில நிற்கிறவர் போன்ல ரெண்டு எண்: கடலோரக் காவல்படை 1554, மரைன் போலீஸ் 1093. பிஎல்பி தப்பா அழுந்திட்டா அணைச்சுட்டு உடனே 1554க்குச் சொல்லணும், சும்மா அணைச்சா அவங்க தேடிட்டே இருப்பாங்க. மாசத்துக்கு ஒரு தடவைக்கு மேல செல்ஃப் டெஸ்ட் அழுத்தாதீங்க, ஒவ்வொண்ணும் பேட்டரியில இருந்துதான் போகுது. மூடிய கார்ல டேஷ்போர்டுல விடாதீங்க, நம்ம ஊர் வெயில்ல லித்தியம் பேட்டரி கெடும். சாயங்காலம் நல்ல தண்ணியில கழுவி நிழல்ல காய வைங்க. போன் சார்ஜ் துளையில உப்புப் பூத்திருந்தா வெள்ளையாத் தெரியும். அதைத் தூரிகையால எடுத்து முழுக்கக் காய்ஞ்ச பிறகுதான் வயர் செருகணும், இல்லாட்டி அன்னிக்கு ராத்திரியே பின் அரிச்சுடும்.