டீம் நல்ல ஒட்டு, ஆனால் மீட்டிங்கில் யாரும் வாயைத் திறப்பதில்லை. ஏன்?

பெல்லந்தூர்வாசி:
பெங்களூரு அவுட்டர் ரிங் ரோட்டில் வேலை, சாஃப்ட்வேர் டெஸ்டிங் டீம். யார் வீட்டு விசேஷம் என்றாலும் ஓசூர் தாண்டிக்கூடப் போய் நிற்போம். ஆனால் ரிலீஸுக்கு முந்தின நாள் மேனேஜர் "எல்லாம் ஓகேவா?" என்றால் வரிசையாகத் தலையாட்டல்தான். அப்புறம் டீக்கடையில், "பேமென்ட் பக்கம் இன்னும் உதைக்குதுப்பா" என்று பேச்சு வரும். புதிதாகச் சேர்ந்த பெண் அதை மீட்டிங்கிலேயே சொல்லிவிட்டார். மறுநாள் லஞ்சுக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. ஒற்றுமையான டீம் இப்படியா நடக்கும்?

பீன்யா பெரியவர்:
ஒற்றுமையாக இருப்பதால்தான் தம்பி நடக்கிறது. நான் பீன்யா தொழிற்பேட்டையில் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர் ஆனவன், இந்தக் கூத்தை நிறையப் பார்த்தாச்சு. சிகாகோ பக்கம் ஹாவ்தார்ன் ஆலையில் 1931-32இல் வயரிங் வேலை செய்த 14 பேரை ஒரே அறையில் வைத்துக் கவனித்தார்கள். குழுவாக அதிகம் செய்தால் கூலியும் கூடும். அப்படியும் ஒரு நாளைக்கு இவ்வளவு போதும் என்று அவர்களுக்குள்ளேயே ஒரு கணக்கு. மீறினவனுக்கு மேல்கையில் ஒரு குத்து! மேலே போட்டுக் கொடுத்தவனுக்கும் மரியாதை கிடையாது. உங்கள் ஆபீஸில் குத்துக்குப் பதில் லஞ்சு, அவ்வளவுதான் வித்தியாசம்.

1954இல் சீஷோர் என்பவர் வெளியிட்ட ஆய்வும் உண்டு. நெருக்கமான குழுக்களில் எல்லாரும் ஏறக்குறைய ஒரே அளவு வேலை செய்தார்கள். அந்த அளவு கூடுவதும் குறைவதும், கம்பெனி நம்மைக் கைவிடாது என்ற நம்பிக்கையைப் பொறுத்திருந்தது. குறை சொன்னவரை உங்கள் மேனேஜர் என்ன செய்தார்? அதைச் சொல்லவே இல்லையே.

பெல்லந்தூர்வாசி:
"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார், எல்லார் முன்னாடியும். அவர் குரலும் சரியில்லை.

கோரமங்களா லீட்:
பிறகு யார் சொல்வார்கள்? நான் "ஓகேவா?" என்று கேட்பதையே விட்டுவிட்டேன். "நாளைக்கு எது முதலில் உடையும்? ஆளுக்கு ஒன்று எழுதுங்கள்" என்பேன். எல்லாரும் எழுதுவதால் யாரும் தனியாக மாட்டுவதில்லை. முதல் சீட்டு என்னுடையது.

பெல்லந்தூர்வாசி:
சரி, மேனேஜருக்கு மேலே இருப்பவர் எல்லாம் சரி என்று காட்டும் பச்சை ரிப்போர்ட்தான் வேண்டும் என்கிறாரே?

கோரமங்களா லீட்:
பச்சைக்குக் கீழேயே "தெரிந்த குறைகள்" என்று ஒரு பகுதி சேர்த்து அனுப்புங்கள். டீம் பெயரில் போகட்டும், அந்தப் பெண் பெயரில் வேண்டாம்.