கைக்கணக்கில் கெயின் (சிக்னல் எத்தனை மடங்கு பெருகுகிறது என்பது) 261, சிமுலேஷனில் 231. மீதி எங்கே போனது?

மூன்று நாளாக ஒரே சர்க்யூட்டில் உட்கார்ந்திருக்கிறேன். பிசி547பி டிரான்சிஸ்டர் போட்ட காமன் எமிட்டர் ஆம்ப்ளிஃபயர், எல்டிஸ்பைஸ் என்ற சர்க்யூட் சிமுலேஷன் மென்பொருளில். சப்ளை 12 வோல்ட், பேஸ் டிவைடர் 47 கிலோஓம் - 10 கிலோஓம், கலெக்டரில் 4.7 கிலோஓம், எமிட்டரில் 1 கிலோஓம். லோடு இல்லை. இன்புட் 1 மில்லிவோல்ட் பீக், 1 கிலோஹெர்ட்ஸ், நேராக 10 மைக்ரோஃபாரட் கப்ளிங் கெபாசிட்டர் வழியாக.

டிசி பக்கம் ஒரு குறையும் இல்லை. எமிட்டரில் 1.4 வோல்ட், கலெக்டரில் 5.4 வோல்ட், கைக்கணக்கு, சிமுலேஷன் இரண்டிலும் அதேதான். 25 மில்லிவோல்ட்டை (டிரான்சிஸ்டரின் தெர்மல் வோல்டேஜ்) எமிட்டர் கரன்ட் 1.4 மில்லிஆம்பியரால் வகுத்தால் எமிட்டரின் உள்தடை சுமார் 18 ஓம். 4700-ஐ 18-ஆல் வகுத்தால் 261.

சிமுலேஷனின் முதல் ரன்னில் 180-தான் வந்தது. எமிட்டர் பைபாஸ் (எமிட்டர் ரெசிஸ்டருக்கு இணையாகப் போட்ட கெபாசிட்டர்) 10 மைக்ரோஃபாரட் என்பதால் 1 கிலோஹெர்ட்ஸில் அதற்கே 16 ஓம் எதிர்ப்பு என்று அப்புறம்தான் உறைத்தது. 100 ஆக்கினேன், 231-க்கு ஏறியது. 1000 போட்டும் அங்கேயே நிற்கிறது.

எல்டிஸ்பைஸில் மெகாவுக்கு எம் என்று எழுதினால் மில்லி ஆகிவிடும் அந்தப் பழைய வம்பும் இல்லை, இதில் மெகாஓமே கிடையாது. ஏசி அனாலிசிஸ், டிரான்ஸியன்ட் இரண்டிலும் அதே விடை. 25-க்குப் பதில் 25.85 மில்லிவோல்ட் வைத்தாலும் கணக்கு 254-க்குத்தான் இறங்குகிறது.

வெள்ளிக்கிழமை ரெக்கார்டு நோட்டு வைக்க வேண்டும். 254-க்கும் 231-க்கும் நடுவே கைக்கணக்கில் நான் எதை விட்டுவிட்டேன்?