மான் வேட்டையில் குரல் கொடுத்தால் மான் வருமா? பார்த்ததைச் சொல்லுங்கள்

மேடிசன்காரன்:

விஸ்கான்சினில் வில்லோடு காட்டுக்குப் போக ஆரம்பித்து நாலு வருடம் ஆகிறது. முதல் இரண்டு வருடம் ஆண்மானின் உறுமல் மாதிரி சத்தம் போடுகிற கிரன்ட் கால் என்ற ஊதுகுழலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கை சும்மா இருக்காமல் கால் மணிக்கு ஒரு தடவை ஊதிக்கொண்டே இருந்தேன். அணில்தான் எட்டிப் பார்த்தது. மூன்றாம் வருடம் அதை வீட்டிலேயே வைத்துவிட்டேன்.

போன நவம்பர் முதல் வாரம் மறுபடி எடுத்துப் போனேன். விடிந்து ஒரு மணி நேரம் இருக்கும், இலையெல்லாம் உறைபனி. எண்பது கஜம் தள்ளி எட்டு முனைக் கொம்போடு ஒரு வெள்ளைவால் ஆண்மான், மூக்கைத் தரையோடு வைத்தபடி பெண்மானின் தடத்தை மோந்துகொண்டு போகிறது. என் பக்கம் வருகிற உத்தேசமே இல்லை. மெதுவாக இரண்டு தடவை ஊதினேன். அசையவில்லை. அது நடக்கும்போது காலடியில் இலை நொறுங்குகிற சத்தத்தில் என் ஊதல் கேட்டிருக்காது என்று அப்புறம்தான் உறைத்தது. அது நின்ற சமயம் பார்த்து, கொஞ்சம் கெட்டியாக ஒரு தடவை ஊதினேன்.

முதலில் காது மட்டும் என் பக்கம் திரும்பியது. பிறகு தலை. குழலைக் கீழே விட்டுவிட்டேன். ஒரு நிமிடம் அப்படியே நின்றது. அப்புறம் காதைப் பின்னால் மடித்து, முதுகு மயிரைச் சிலிர்த்துக்கொண்டு, காலை விறைப்பாக எடுத்து வைத்து வந்தது பாருங்கள், என் நெஞ்சு அடிக்கிற சத்தம் அதற்குக் கேட்டுவிடுமோ என்று பயம்.

ஆனால் நேராக வரவில்லை. வலப்பக்கமாக ஒரு வட்டம் அடித்து, என்னைத் தொட்டுப் போகிற காற்று எங்கே போகிறதோ அங்கே போய் நின்றது. முப்பது கஜம், நடுவில் ஒரு புதர். மூக்கைத் தூக்கியது. ஒரே ஒரு சீறல், வெள்ளை வால் மேலே, அவ்வளவுதான். ஊதல் வேலை செய்ததா, என்னைக் காட்டிக்கொடுத்ததா? எனக்கு இன்னும் தெளிவில்லை. மற்றவர்கள் அனுபவம் என்ன?

சான் அன்டோனியோ சித்தப்பா:

தம்பி, ஊதல் அதன் வேலையைச் செய்துவிட்டது. தப்பு நீங்கள் உட்கார்ந்த இடத்தில். குரல் கேட்டு வருகிற பெரிய மான் காற்றுக்குக் கீழ்ப்பக்கம் போய் மோந்து பார்க்காமல் கிட்டே வராது. அதற்குக் காது ஒரு சாட்சி, மூக்குதான் தீர்ப்பு.

எங்கள் தென் டெக்சாஸில் ஊதுவதைவிடக் கொம்பு தட்டுவதுதான் வழக்கம். உதிர்ந்த கொம்பு இரண்டை மோதி, இரண்டு ஆண்மான் சண்டை போடுகிற மாதிரி சத்தம் எழுப்புவது. மிக்கி ஹெலிக்சன் என்ற ஆய்வாளர் 1990களில் சின்டன் அருகே வெல்டர் சரணாலயத்தில் இதைக் கணக்கெடுத்தே பார்த்தார். 171 தடவை தட்டியதில் 111 ஆண்மான்கள் வந்தன. அதில் சத்தமாகத் தட்டியதற்கு வந்தவை 81, மெதுவாகத் தட்டியதற்கு 30. இணைசேரும் பருவத்தின் உச்சத்தில் 60 தடவைக்கு 65 மான். பருவத்துக்கு முன்னால் அதே 60 தடவைக்கு வெறும் 18. எப்போது தட்டுகிறோம் என்பதில்தான் பாதி விஷயம்.

நாங்கள் எப்போதும் இரண்டு பேராகப் போவோம். தட்டுகிறவன் மெஸ்கீட் என்ற முள்மரப் புதருக்குள். சுடுகிறவன் அவனுக்குக் காற்றுக்கீழே ஐம்பது அறுபது கஜம் தள்ளி. நான் தட்டுகிற ஆள். கொம்பை மோதுவதோடு நிறுத்த மாட்டேன்: காலால் சரளையைப் பறிப்பேன், பக்கத்துக் கிளையை ஒடிப்பேன், கொம்பால் புதரைப் போட்டு உலுக்குவேன். இரண்டு மூன்று நிமிடம், அப்புறம் கப்சிப். ஒரு டிசம்பரில் ஒரு இளவட்ட ஆண்மான் ஓடி வந்த வேகத்தில் என் முழங்கால்மேல் சரளை தெறித்தது. நான் யார் என்று புரிந்ததும் அது பார்த்த பார்வையை மறக்க முடியாது. ஆனால் அன்றைக்குப் பெரியது எங்களுக்கே தெரியாமல் காற்றுக்கீழே வந்துவிட்டுப் போயிருந்தது. மணலில் குளம்புத் தடத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம்.

ஒன்று சொல்ல வேண்டும். இங்கே பெரிய பண்ணைகளில் வயதான ஆண்மான்கள் நிறைய. சண்டைச் சத்தம் அவற்றுக்குப் பழக்கம். கொம்பு வளரும் முன்னே சுட்டுத் தீர்க்கிற ஊரில் இந்தக் கணக்கை எதிர்பார்க்காதீர்கள்.

மிச்சிகன் மாப்பிள்ளை:

அந்த ஊர் எங்கள் ஊர்தான் சித்தப்பா. நவம்பர் 15 துப்பாக்கி சீசன் திறந்தால் அரசு நிலத்தில் மானைவிட வேட்டைக்காரர்களின் ஆரஞ்சுச் சட்டைதான் அதிகம். எல்லார் கழுத்திலும் ஒரு குழல்.

ஒரு தடவை ஊதினேன், மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது. மறுபடி ஊதினேன், மறுபடி பதில். இருபது நிமிடம் இப்படியே ஓடியது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்ப்பு. அப்புறம் பதில் வந்த பக்கமிருந்து ஒரு இருமல். அந்த ஆளும் அத்தனை நேரம் என்னை மான் என்றுதான் நினைத்திருக்கிறார். இரண்டு பேர் கையிலும் தோட்டா போட்ட துப்பாக்கி. அன்றோடு அரசு நிலத்தில் ஊதுவதை விட்டுவிட்டேன். கொம்பு தட்டுவதைப் பற்றி அங்கே யோசிக்கவே மாட்டேன். எனக்குக் கிடைத்த ஐந்து மானும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது கிடைத்தவைதான்.

கொங்குப் பொண்ணு, பென்சில்வேனியா:

எங்கள் மாநிலத்தில் மானுக்கு எலக்ட்ரானிக் கால் (மின்கருவியில் குரலை ஒலிக்கவிடுவது) கூடாது, நான் குழலும் வாங்கவில்லை. வரவழைப்பதற்கு அல்ல, நிறுத்துவதற்குத்தான் குரல் கொடுப்பேன். மான் நடந்துகொண்டே இருந்தால் அம்பு குறி தவறும், அடிபட்டு ஓடினால் பாவம். அதனால் அம்பு விட வழியுள்ள இடைவெளிக்கு வந்ததும் வாயாலேயே "ம்மே" என்று ஒரு சத்தம். சட்டென்று நிற்கும். எங்கள் அம்மாயி பட்டியில் ஆட்டுக்குட்டிக்குக் கொடுக்கிற குரல்தான், கொஞ்சம் கட்டையாக. ஆனால் நாணை முழுதாக இழுத்த பிறகே குரல் கொடுக்க வேண்டும். முந்திக் கொடுத்தால் அது நம்மையே பார்த்துக்கொண்டு நிற்கும், கையைக்கூட அசைக்க முடியாது.

கெர்வில் மசினகுடியான்:

தலைப்பு வெள்ளைவால் மானைப் பற்றித்தான், இருந்தாலும் நம் ஊர்க்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. டெக்சாஸ் மலைப்பகுதியில் 1932இல் கொண்டுவந்து விட்ட புள்ளிமான் இப்போது காடெல்லாம் பெருகிக் கிடக்கிறது. வெளிநாட்டு இனம் என்பதால் சீசன் கட்டுப்பாடு கிடையாது, லைசென்ஸ் இருந்தால் வருடம் முழுக்க வேட்டையாடலாம். ஊரில் தொட்டால் ஜெயில்.

புள்ளிமானுக்கு வெள்ளைவால் மானின் கிரன்ட் காலை ஊதிப் பார்த்தேன். ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஆனால் மே, ஜூனில் அதன் ஆண்மான் தானே கத்தும், கரகரவென்று அடித்தொண்டையிலிருந்து. அந்தச் சத்தத்தை வைத்து அது இருக்கும் இடத்துக்கு நான் போவேன். அதை அழைப்பதைவிட அதன் அழைப்பைக் கேட்பது எனக்குச் சுலபமாக இருக்கிறது.

முதல் தடவை போனபோது புல்வெளியிலிருந்து "க்யாவ்" என்று அபாயக் குரல். மசினகுடியில் வளர்ந்தவன் நான், கால் தானாக நின்றுவிட்டது. புலியா சிறுத்தையா என்று திரும்பிப் பார்க்கிறேன். ஒன்றுமில்லை. அது கத்தியது என்னைப் பார்த்து.

இன்னொன்று: பழக்கிய மானைக் கட்டிவைத்துக் காட்டு மானை வரவழைப்பதற்குப் பழந்தமிழில் "பார்வை" என்று பெயர். இங்கே கடையில் பிளாஸ்டிக் பெண்மானை விற்கிறார்கள். தொழில் மாறவில்லை!

மேடிசன்காரன்:

எல்லாருக்கும் நன்றி. இந்த வருடம் ஸ்டாண்டை, அதாவது நான் உட்கார்ந்து காத்திருக்கிற இடத்தை, ஓடைக்கரைக்கு மாற்றிவிட்டேன். காற்றுக்கீழே ஆழமான தண்ணீர், வட்டம் அடிக்க வேண்டுமானால் என் முன்னால்தான் வர வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற மானுக்கு மட்டும்தான் ஊதுவேன், அதுவும் அது விலகிப் போனால். சித்தப்பா, கொம்பு தட்ட பிளாஸ்டிக் போதுமா, நிஜக் கொம்பு வேண்டுமா?

சான் அன்டோனியோ சித்தப்பா:

நிஜக் கொம்பு. பிளாஸ்டிக் டப்பா தட்டுகிற மாதிரி இருக்கும். முனைகளை அரத்தால் மழுக்கிவிட்டு, கட்டைவிரலுக்குக் கீழே இருக்கிற கிளையை அறுத்துவிடுங்கள். என் இடது கட்டைவிரல் நகம் பாதிதான் இருக்கிறது.